எண்ணெய் வியாபாரியின் நன்னம்பிக்கை

பூமியின் வெப்பம் மனிதருடைய செய்கையால் ஏறிவருகிறது என்று விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லியும் அதைச் சந்தேகக் கண்ணோடு நோக்கிவந்த வியாபார உலகம், அதே விஷயத்தை உலகின் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளுள் ஒன்றின் தலைவரே மேடையேறி ஒப்புக்கொண்டபோது திகைத்துப்போயிற்று. 1997-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில், பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனியின் தலைமை நிர்வாகியான ஜான் பிரௌன் நிகழ்த்திய பிரசங்கமே அந்தத் திகைப்புக்குக் காரணம். கரியமில வாயு முதலியவற்றுக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு முற்றும் நிரூபணமான பிறகுதான் கொள்கையைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று காத்திருப்பது தகாது. அப்படியொரு தொடர்பு இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாத நிலை வந்து, சமுதாயமும் அதைப் பொருட்படுத்தத் தொடங்கிவிட்டால் அதுவே தக்க தருணம். தம் கம்பெனி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதே அவர் சொன்னதன் சாரம். இன்று படிப்பவருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். கியோட்டோ மகாநாட்டுக்கு ஏழு மாதம் முன்பு, எண்ணெய் விற்றுப் பிழைக்கும் ஒருவர் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும்.

பிரௌன் வெளியிலிருந்து வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அல்லர். அவருடைய தந்தையார் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு, பின்னர் அதே கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். மகனுடைய பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி ஈரானிய எண்ணெய் வயல்களின் அருகே கழிந்தது. தாயார் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து உயிர்தப்பிய ஹங்கேரியப் பெண்மணி. கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்ற பிரௌன், 1966-லேயே கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1969-ல் அலாஸ்காவின் பனிப்பிரதேசத்தில் வேலையைத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, 1995-ல் தலைமை நிர்வாகியானார். பௌதிகம் கற்றவராதலால் விஞ்ஞானிகளின் அறிக்கைகளைப் பிறர் சுருக்கித் தராமலே படித்தறிய வல்லவர். பல தேசத்து அரசாங்கங்களின் ஐக்கியக் குழு 1995-ல் தயாரித்த இரண்டாவது மதிப்பீட்டறிக்கை, மனிதரின் தலையீடு பருவநிலையில் புலப்படத் தொடங்கிவிட்டது என்றும், 2100-க்குள் வெப்பம் 1 முதல் 3.5 டிகிரி வரை உயரக்கூடும் என்றும் கூறியிருந்தது. அந்த அறிக்கையின் நிதானமான தொனியே அவரைக் கவர்ந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஏனெனில் ஸ்டான்போர்டு பிரசங்கத்திலும் அதே தொனிதான் கேட்கிறது.

அந்தக் காலத்தில் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் முதலாளிகள் பலர் ஒன்றுகூடி, உலகப் பருவநிலைக் கூட்டணி என்ற மங்களகரமான பெயரில் 1989 முதல் ஒரு சங்கம் நடத்திவந்தார்கள். பெயருக்கு நேர்மாறாக, வாயுக்களைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் வராமல் தடுப்பதே அதன் தொழில். பிரௌனின் கம்பெனி அந்தச் சங்கத்திலிருந்து விலகியது. அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் வட்டாரங்களில் அவரை மதத்தைவிட்டு வெளியேறியவர் என்றே பேசினார்கள். அதே 1997 அக்டோபரில், பீஜிங்கில் கூடிய உலகப் பெட்ரோலிய மகாநாட்டில், எக்ஸான் கம்பெனியின் தலைவர் லீ ரேமண்ட், பூமி இருபதாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் குளிர்ந்தே இருக்கிறது என்று பேசி, ஏழை நாடுகள் எரிபொருள் கட்டுப்பாடுகளை ஏற்கலாகாது என்றும் புத்திமதி கூறினார். ஒரே தொழிலின் இரு தலைவர்கள், ஒரே வருஷத்தில், பசிபிக் சமுத்திரத்தின் இரு கரைகளில் நின்று பேசிய இவ்விரண்டு பேச்சுக்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் படிப்பவர் பிரௌனை மெச்சாமல் இருக்க இயலாது.

ஆனால் மெச்சுவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது. பிரௌனுடைய நம்பிக்கை எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். அவர் ஐந்து காரியங்களை ஏற்றுக்கொண்டார்: கம்பெனி தானே வெளியேற்றும் வாயுவைக் கட்டுப்படுத்துவது, விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்வது, பிற நாடுகளோடு கூட்டுமுயற்சிகளில் இறங்குவது, நெடுங்காலத்துக்கு உதவும் மாற்று எரிசக்திகளை வளர்ப்பது, கொள்கை விவாதத்தில் பங்குகொள்வது. சூரியசக்தி வியாபாரத்தைப் பத்தாண்டுகளில் நூறு கோடி டாலர் விற்பனைக்கு உயர்த்துவது உத்தேசம் என்றும் சொன்னார். இவற்றோடு, அவசரப்பட்டுக் கடுமையான கட்டுப்பாடு விதித்தால் பொருளாதார வளர்ச்சி குலையும், ஆகவே அடிமேல் அடியெடுத்து வைக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். விஞ்ஞானத்தில் உள்ள நிச்சயமின்மையை ஒப்புக்கொள்ளும் எச்சரிக்கை ஒன்று; பங்குதாரரின் ஆதாயத்துக்குப் பங்கம் வரலாகாது என்னும் எச்சரிக்கை மற்றொன்று. பிரசங்கத்தில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. பின்னால் காலம் அவற்றைப் பிரித்துக் காட்டிற்று.

முதல் வாக்குறுதி நிறைவேறிய கதை சுவாரசியமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1998 செப்டம்பரில், 1990-ஆம் ஆண்டின் அளவைக் காட்டிலும் 10 சதவீதம் குறைவாக, 2010-க்குள் கம்பெனியின் சொந்த வாயு வெளியேற்றத்தைக் கொண்டுவருவதாக பிரௌன் அறிவித்தார். அதை ஆணையிட்டுச் செய்யாமல் சந்தை வைத்துச் செய்ததுதான் புதுமை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற தர்ம ஸ்தாபனத்தின் யோசனையோடு, முதலில் சில தொழிற்பிரிவுகளில் பரிசோதித்து, 2000-ஆம் ஆண்டு முதல் கம்பெனி முழுவதிலும் ஒரு முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண்டுக்கு இத்தனை டன் என்று அளவு வகுக்கப்படும். அளவுக்கு உள்ளேயே நின்றுவிட்ட பிரிவின் மானேஜர், மிச்சத்தை அளவை மீறிய பிரிவுக்கு விற்கலாம். வடகடலில் இருக்கும் மேடையொன்றும் அமெரிக்காவிலிருக்கும் சுத்திகரிப்பு ஆலையொன்றும், எண்ணெயை அல்ல, வெளிவிடாமல் தவிர்த்த புகையைப் பேரம் பேசி விற்று வாங்கிய அதிசயம் அப்போதுதான் நடந்தது.

புகை எங்கிருந்து குறைந்தது? பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு கூடவே மேலெழும் வாயுவை, கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை என்று உயரமான குழாயின் உச்சியில் இரவும் பகலும் கொளுத்திவிடுவது அத்தொழிலின் பழைய வழக்கம். சில இடங்களில் கொளுத்தவும் செய்யாமல் ஆகாயத்தில் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. கொளுத்தாமல் விடும் மீத்தேன், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வல்லமை உடையது. இவற்றையும், வால்வுகளிலும் குழாய்மூட்டுகளிலும் கவனிப்பாரின்றிக் கசிந்ததையும், பழைய யந்திரங்கள் வீணாக எரித்ததையும் அடைத்தாலே போதும் என்று தெரியவந்தது. அதுவரையில் யாரும் அளக்கவில்லை. அளந்தவுடன் மானேஜர்களின் கண்ணுக்கு அது வாயுவாகத் தெரியாமல் பணமாகத் தெரிந்தது. 2010-க்கென்று வைத்த குறி 2001 இறுதிக்குள் எட்டப்பட்டுவிட்டது. செலவு ஏதும் ஆகவில்லை, மாறாகச் சுமார் 65 கோடி டாலர் மதிப்பு பங்குதாரருக்குக் கூடிற்று என்று 2004-ல் பாரின் அபேர்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் பிரௌன் பெருமையோடு குறிப்பிட்டார். அந்தப் பெருமைக்கு அவர் பாத்திரரே. ஐரோப்பிய யூனியன் 2005-ல் தொடங்கிய வாயு உரிமச் சந்தைக்கு இந்தப் பரிசோதனை ஒரு முன்மாதிரியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இனி மற்றொரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1990-ல் கம்பெனியும் பின்னர் அதனோடு இணைந்தவையும் தம் ஆலைகளிலும் வயல்களிலும் வெளியேற்றியது ஏறக்குறைய 9 கோடி டன். அதில் 10 சதவீதம் என்பது ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டன். 1998-ல் அமோகோ, 2000-ல் ஆர்கோ, 2003-ல் ரஷ்யக் கூட்டு என்று வரிசையாக விழுங்கி வளர்ந்த கம்பெனி, 2005-ஐ ஒட்டி எண்ணெயும் வாயுவுமாக நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பீப்பாயை எரித்தால் சராசரியாக 400 கிலோவை ஒட்டிய கரியமில வாயு உண்டாகும். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்குக் குறையாது. இது வாங்குபவர்களின் வாகனங்களிலும் அடுப்புகளிலும் கொதிகலன்களிலும் வெளிப்படுவதால், 1998-ஆம் ஆண்டு வாக்குறுதியின் எல்லைக்குள் வரவேயில்லை. சாராயக் கடைக்காரர் தாம் குடிப்பதைப் பத்திலொரு பங்கு குறைத்துக்கொண்டுவிட்டதாக ஊரறியச் சொல்லி, கடையை மட்டும் இரட்டிப்பாகப் பெருக்கினால் எப்படியோ அப்படி. சொன்னதில் பொய்யில்லை, ஊரின் குடி குறையவுமில்லை.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் கம்பெனி பச்சையும் மஞ்சளுமாக விரியும் சூரியப்பூவைச் சின்னமாக ஏற்று, பெட்ரோலியத்துக்கு அப்பால் என்ற முழக்கத்தோடு விளம்பரத்தில் கோடிக்கணக்கில் செலவழித்தது. ஒவ்வொரு மனிதனும் தன்னுடைய கரியமிலச் சுவடு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஊரெங்கும் பரப்பியதிலும் அந்த விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு. விற்பவரின் கணக்கைக் கேட்கவேண்டியவன், தன் கணக்கைப் பார்த்துத் தானே வெட்கப்படும்படி ஆயிற்று. விளம்பரம் இப்படியிருக்க, 2005 மார்ச்சில் கம்பெனியின் டெக்ஸாஸ் நகர ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 15 பேர் மாண்டனர். 2006-ல், இளம் பிரௌன் வேலை கற்ற அதே அலாஸ்காவில், துருப்பிடித்த குழாயிலிருந்து எண்ணெய் பெருகிப் பனிவெளியைக் கறுக்கடித்தது. செலவைச் சுருக்குவதில் கம்பெனி காட்டிய கடுமையையே விசாரணைகள் சுட்டின. 2007-ல் பிரௌன் பதவி விலகினார். விலக நேர்ந்த காரணம் அவருடைய சொந்த வாழ்க்கையைச் சார்ந்தது, நம் விஷயத்துக்கு அது வேண்டியதில்லை.

சூரியசக்தியைப் பற்றி அவர் கொண்டிருந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வரலாற்றிலேயே மிகவும் விசித்திரமான பகுதி. அது பலித்தது, அவரே எதிர்பார்த்திருக்க முடியாத அளவுக்குப் பலித்தது. அவர் ஸ்டான்போர்டில் பேசிய 1997-ல், உலகம் முழுவதும் ஓராண்டில் உற்பத்தியான சூரியமின் தகடுகளின் மொத்தத் திறன் சுமார் 125 மெகாவாட். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், கருவேல முள்ளும் வெயிலுமன்றி வேறொன்றும் விளையாது என்று கருதப்பட்ட பூமியில், 2016-ல் நிறுவப்பட்ட ஒரே நிலையத்தின் திறன் 648 மெகாவாட்; அதாவது, பிரௌனின் காலத்து உலகம் ஐந்தாண்டு உழைத்துச் செய்திருக்கக்கூடிய தகடுகள், ராமநாதபுரத்தின் சுமார் 2,500 ஏக்கரில் அடங்கிவிட்டன. 2024-ல் உலகில் புதிதாகச் சேர்ந்த சூரியமின் திறனோ 600 கிகாவாட்டை ஒட்டியது.

இந்தப் பெருவெற்றியில் பிரௌனின் கம்பெனிக்குப் பெரும் பங்கு இல்லை. ஒரு சமயம் அது உலகின் மிகப் பெரிய சூரியமின் தகடு உற்பத்தியாளர்களுள் ஒன்று; பெங்களூரில் டாட்டாவோடு சேர்ந்து தொழிற்சாலையும் நடத்திற்று. 2011 டிசம்பரில் அத்தொழிலையே மூடிவிட்டு, டாட்டாவிடம் தன் பங்கையும் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. தகடுகளின் விலை மளமளவென்று வீழ்ந்துகொண்டிருந்தபடியால் அதில் லாபம் பார்க்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். உலகத்துக்கு அனுகூலமாக இருந்த விலைவீழ்ச்சியே கம்பெனிக்குப் பிரதிகூலமாக இருந்தது. அந்த வீழ்ச்சியை உண்டாக்கியவர்கள் எண்ணெய் முதலாளிகளும் அல்லர். சூரியமின்சாரத்தை இருபதாண்டுகளுக்கு நிர்ணய விலையில் வாங்கியே தீரவேண்டும் என்று 2000-ல் ஜெர்மனி இயற்றிய சட்டம் சந்தையைத் திறந்தது. அந்தச் சந்தையை நம்பிச் சீனத்தில் முளைத்த ஆலைகள் உற்பத்தியைப் பெருக்கி விலையை உடைத்தன. சட்டமும் பேருற்பத்தியும் செய்த வேலை அது. தொழில்நுட்பத்தைப் பற்றி பிரௌன் போட்ட கணக்கு சரி. அதை நடத்திக்கொடுக்கும் கருத்தா தம்மைப் போன்ற கம்பெனிகளே என்று போட்ட கணக்குத்தான் தவறு.

காரணம் மூலதனத்தின் இயல்பில் இருக்கிறது. கிணறு தோண்டும் தொழிலில் நஷ்ட அபாயம் மிகுதி. ஆனால் விலையேறும் காலங்களில் கிட்டும் லாபமும் மிகுதி. சூரியன், காற்று இவற்றிலிருந்து மின்சாரம் செய்யும் தொழிலில் வரவு நிலையானது, ஆனால் மெல்லியது. போட்டிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அதிக லாபத்துக்குப் பழகிய பங்குதாரரும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஓய்வூதிய நிதிகளும், ஆண்டுதோறும் குறையாத ஆதாயத்தைக் கேட்கும்போது, தலைவரின் மனச்சாட்சி எத்தனை கூர்மையாக இருந்தாலும் மூலதனம் பழைய பள்ளத்தை நோக்கியே ஓடும். 2005-ல் மாற்று எரிசக்திக்குப் பத்தாண்டுகளில் 800 கோடி டாலர் என்று கம்பெனி அறிவித்தபோதும், அதைப்போல் பன்மடங்கு பணம் எண்ணெயிலும் வாயுவிலும்தான் இறங்கிற்று.

பிரௌனுக்குப் பின் வந்தவர்களின் காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் 11 பேரின் உயிரைக் குடித்த கிணற்று விபத்து கம்பெனியைக் கடனில் ஆழ்த்தியது. 2020-ல் பெர்னார்டு லூனி என்ற புதிய தலைவர், 2050-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவதாகவும், 2030-க்குள் எண்ணெய்-வாயு உற்பத்தியை 40 சதவீதம் சுருக்குவதாகவும் சூளுரைத்தார். பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று உற்பத்தியையே குறைக்கிறேன் என்று சொன்னது, ஸ்டான்போர்டு பிரசங்கத்தைக் காட்டிலும் துணிச்சலான வார்த்தை. உக்ரைன் யுத்தத்தால் எண்ணெய் விலை ஏறிற்று. அதையடுத்து 2023 பிப்ரவரியில் 40 சதவீதம் என்ற குறி 25 ஆயிற்று. 2025 பிப்ரவரியில், லாபம் போதவில்லை என்று முதலீட்டாளர்கள் நெருக்க, உற்பத்தியைக் குறைக்கும் திட்டத்தையே கைவிட்டு, எண்ணெய்-வாயு முதலீட்டை ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக உயர்த்துவதாகவும், மாற்று எரிசக்தி முதலீட்டில் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்குமேல் வெட்டுவதாகவும் அறிவித்தார்கள். லூனி அதற்கு முன்பே போய்விட்டார்.

அப்படியானால் 1997-ஆம் ஆண்டுப் பிரசங்கம் வெறும் வாய்ப்பந்தலா? அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. சான்றுகளும் இடம் தரவில்லை. பிரௌனின் கம்பெனி உலகப் பருவநிலைக் கூட்டணியிலிருந்து விலகிய பின் ஷெல் கம்பெனியும் போர்டு கம்பெனியும் அதைவிட்டு வெளியேறின. 2002-ல் கூட்டணியே கலைந்தது. எண்ணெய்க்காரர்கள் அனைவரும் எதிர்க்கிறார்கள் என்று சாக்குச் சொல்லிவந்த அரசாங்கங்களுக்கு அந்தச் சாக்கு இல்லாமற்போயிற்று. சட்டம் இயற்றுவோருக்கு வழிவிட்டு ஒதுங்கிநிற்பது என்பதே இத்தகைய தலைவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். அதைப் பிரௌன் செய்தார். அவருடைய கம்பெனியோ, அந்த ஒதுக்கத்தைக்கூட எப்போதும் காக்கவில்லை. 2018-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் கரியமில வாயுவுக்குக் கட்டணம் விதிக்கும் யோசனை ஜனங்களின் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வரிக்கு நாங்கள் விரோதிகளல்ல, இந்த வரியின் அமைப்புத்தான் சரியில்லை என்று கூறிக்கொண்டே, அதைத் தோற்கடிக்கச் சுமார் 1.3 கோடி டாலர் செலவழித்தது. யோசனை தோற்றது.

2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரௌன், ஆகாயத்தில் கரியமில வாயுவைப் பத்து லட்சத்துக்கு 500 முதல் 550 பங்குக்குள் நிறுத்திவிடலாம், வளர்ச்சிக்கும் ஊறு நேராது என்று நம்பினார். அவர் ஸ்டான்போர்டில் பேசியபோது அது 364 பங்கு. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டின் சராசரி வெப்பம், ஆலைத்தொழில் தோன்றுமுன் இருந்ததைவிட 1.5 டிகிரிக்குமேல் உயர்ந்திருந்ததாக உலக வானிலை ஸ்தாபனம் கணித்தது. தலைவரின் நம்பிக்கைக்குச் சாட்சியாகக் கமுதியும், அவருடைய எச்சரிக்கைக்குச் சாட்சியாக இந்த எண்களும் நிற்கின்றன.

நம் நாட்டிலும் இப்போது பெருந்தொழிலதிபர்கள் பலர் பூஜ்ய வெளியேற்ற வாக்குறுதிகளை மேடைதோறும் வழங்கிவருகிறார்கள். பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் கம்பெனிகள் தம் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்று அச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருப்பது நல்ல காரியம். ஆனால் அந்த அறிக்கையில், ஆலைக்குள் எரிப்பதும் விலைக்கு வாங்கும் மின்சாரமும்தான் கட்டாயக் கணக்கில் வருகின்றன. விற்ற சரக்கு வாங்கியவர் கையில் வெளிவிடும் வாயுவை உள்ளடக்கிய மூன்றாவது கணக்கு, விரும்பினால் தரலாம் என்ற வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. 1998-ல் பிரௌன் விட்டுவிட்ட கணக்கும் அதுவே. நிலக்கரியும் எண்ணெயும் மோட்டாரும் விற்கும் கம்பெனிகளுக்காவது அதைக் கட்டாயமாக்கவேண்டும் என்று செபியை வற்புறுத்துவது, அக்கம்பெனிகளில் பங்கு வைத்திருப்பவர்களின் கடமை. மியூச்சுவல் பண்டு வழியாகவோ சேமநிதி வழியாகவோ வாசகர்களில் பலரும் அப்படிப்பட்ட பங்குதாரர்களே.